மதராஸி வனிலா

போன ஞாயிற்றுக்கிழமை பழைய கம்பெனியிலிருந்து இரண்டு வங்காளிப் பிள்ளைகள் கல்கத்தா பவானிபூரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். நான் ரிடயர் ஆனபிறகு ஐஸ்க்ரீம் செய்கிற ஐஸ் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர்கள். "வைத்திதா, மின்சார மெஷின் வந்தாச்சு! இனிமேல் உப்பும் வேண்டாம், கைப்பிடியும் சுற்ற வேண்டாம். பொத்தானைத் தட்டினால் ஐஸ்க்ரீம்!" என்று ஒரே குதூகலம். இந்த ஊரில் அண்ணாவுக்கு 'தா'. என் பெயர் வைத்தியநாதன். தலை முழுக்க நரைத்த பிறகும் அந்தப் பிள்ளைகளுக்கு நான் 'தா'தான். எனக்கும் அதில் வருத்தமில்லை.

மெஷின் வரட்டுமே, நன்றாக வரட்டும். கைப்பிடி சுற்றிச் சுற்றித் தோள்பட்டை வீங்கினவர்களுக்கு நான் எத்தனை தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன்! உப்பு போகிறதே என்று நான் அழப்போவதில்லை. ஆனால் கிளம்புகிற சமயத்தில் ஒருவன் ஒரு கேள்வி கேட்டான். "கவுண்டரில் எல்லா ஐஸ்க்ரீமுக்கும் இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் ஏன் 'மதராஸி வனிலா'? மதராஸில் வனிலா விளைகிறதா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. மனைவி உள்ளேயிருந்து தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள். அன்றைக்கு அரைகுறையாகத்தான் சொல்லி அனுப்பினேன். முழுக்கச் சொல்ல வேண்டுமென்றால் பிண்டோவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிண்டோவுக்கு முன்னால் நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்றும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பா ஒரு சணல் கம்பெனியில் டைப்பிஸ்ட். என்னையும் டைப்பிஸ்ட் ஆக்குவதற்காகத்தான் கும்பகோணத்திலிருந்து வரவழைத்தார். என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. எந்த எழுத்தை அடித்தாலும் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். நாலு கம்பெனியில் வேண்டாமென்று சொன்னார்கள். கடைசியில் சௌரங்கியில் ஒரு வெள்ளைக்காரக் கேக் கடையில் பிஸ்கட் கவுண்டரில் நிற்க வேலை கிடைத்தது. ஊருக்குக் 'கம்பெனி உத்தியோகம்' என்று எழுதிப் போட்டேன். என்ன கம்பெனி என்று அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு கோடையில் ஐஸ் ரூமில் ஆள் பற்றாமல் போனபோது என்னை அங்கே அனுப்பினார்கள். வெளியே தார்ச்சாலை இளகும் வெயிலில் உள்ளே கம்பளிச் சட்டையோடு நின்றேன். ஆஹா, இதல்லவோ உத்தியோகம் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

சாயந்திரம் ஆனால் எங்கள் கடையைப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரக் குழந்தைகளை ஆயாக்கள் கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். குழந்தைக்கு ஒரு கிண்ணம் வாங்கி, அது பராக்குப் பார்க்கும்போது ஆயா ஒரு ஸ்பூன் தள்ளிக்கொள்வாள். வங்காளிக் காலேஜ் பையன்கள் ஒரே கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டு தேசத்தையே விடுவித்துவிடுகிற மாதிரி வாதாடுவார்கள். கிண்ணம் ஒரு பக்கம் உருகிக்கொண்டிருக்கும். மார்வாடி சேட்டுகள் எலுமிச்சை ஐஸ் மட்டும்தான் வாங்குவார்கள், ஏனென்றால் அதில் முட்டை கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. மஞ்சள் கருவைப் பாலில் அடித்துக் காய்ச்சினால்தான் ஐஸ்க்ரீம் பட்டாக வரும் என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு.

நம்மவர்கள்? நம்மவர்கள் கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். ஆனால் ஆசை யாரை விட்டது! தெருவில் சிவப்புத் துணி சுற்றின பானையைத் தலையில் வைத்துக்கொண்டு 'மலாய் பரஃப்' என்று பால் ஐஸைக் கூவி விற்றுக்கொண்டு போவானே, அவனை வாசலில் கூப்பிட்டால் கௌரவக் குறைச்சல். அதனால் ஆபீஸ் விட்டு வரும் வழியில், மைதானத்து மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஒரு கை பார்த்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு டிராம் ஏறுவார்கள். பெரிய பெரிய ஆபீசர்களையெல்லாம் அந்தக் கோலத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்ததில்லை என்று நானும் இருந்துவிடுவேன்.

இனி பிண்டோ. ஐஸ் ரூமுக்குத் தலைவர் அவர். கோவாக்காரர், கிறிஸ்தவர். வற்றலாக, உயரமாக இருப்பார். பேசினது பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்துஸ்தானி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் ஒரு 'மேன்' சேர்ப்பார். அந்த 'மேன்' எந்தத் தொனியில் விழுகிறது என்பதை வைத்துத்தான் அவருக்குக் கோபமா சந்தோஷமா என்று எங்களுக்குத் தெரியும்.

விடிகாலையில் தொழிற்சாலையிலிருந்து ஐஸ் கட்டிகள் மரத்தூளும் சாக்குமாகச் சுற்றி மாட்டு வண்டியில் வந்து இறங்கும். கழுவி, சாக்குப் பையில் போட்டு, கொட்டாப்புளியால் உடைக்க வேண்டும். பொடியாகிவிட்டால் சீக்கிரம் கரைந்துவிடும். பெரிதாக இருந்தால் டின்னோடு ஒட்டாது. கொட்டைப்பாக்கு அளவுதான் பிண்டோவின் கணக்கு. மர வாளிக்கு நடுவில் தகர டின், டின்னுக்குள் துடுப்பு, மேலே கைப்பிடி. டின்னைச் சுற்றி ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை கல்லுப்பு என்று அடுக்கிக்கொண்டே வர வேண்டும். உப்புப் பட்டால்தான் ஐஸுக்கு உக்கிரம் வரும். அப்புறம் கைப்பிடியைச் சுற்ற வேண்டியதுதான்.

முதலில் மெதுவாகச் சுற்ற வேண்டும். பால் குளிர ஆரம்பித்ததும் வேகம். பிறகு கை கனக்கும். அப்போது நிறுத்தினவன் கெட்டான். பிண்டோ ஒவ்வொரு வாளிக்கும் வந்து, குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு காதை வைத்துக் கேட்பார். உள்ளே 'சலசல' என்றால் இன்னும் பால். 'கரகர' என்றால் ஐஸ் கட்டிக்கொள்கிறது, வேகம் போதாது. வேறு சத்தம் இல்லாமல் 'தம் தம்' என்று மொத்தையாக இடித்தால் ஆயிற்று. விரலை உயர்த்துவார், நிறுத்த வேண்டும். மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள உப்புத் தண்ணீரைத் துணியால் மூன்று தரம் துடைக்க வேண்டும். ஒரு சொட்டு உப்பு உள்ளே போனால் அந்த டின் முழுக்கப் போச்சு. அந்தத் துடைப்பை மட்டும் அவர் யாரையும் நம்பி விட்டதில்லை. தானே செய்வார்.

அந்த மனுஷருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். கெட்டுப்போன டின்னிலிருந்து ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு வந்து, அதைச் சுற்றினவன் கையில் கொடுத்து, "உட்கார். சாப்பிடு, மேன்" என்பார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவன் அந்த மணலையோ உப்பையோ கடைசி ஸ்பூன் வரைக்கும் தின்று முடிக்க வேண்டும். திட்டு வாங்குவது எவ்வளவோ தேவலை. ஒருநாள் என் டின் மணல் மணலாகப் போயிற்று. கிண்ணம் என் கைக்கு வந்தது. "சார், முட்டை" என்றேன். பிண்டோ என்னை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை மாசமாகச் செய்கிற பண்டத்தை இவன் வாயில் வைத்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. "ருசி பார்க்காமல் எப்படி மேன் செய்கிறாய்?" என்று கேட்டார். "உங்களை மாதிரியே காதால்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வருஷங்கள் ஓடின. நான் ஐஸ் ரூமில் இரண்டாவது ஆள் ஆகிவிட்டேன். பிண்டோவுக்கு முழங்கால் வலி வந்தது. குளிர் ரூமில் வருஷக்கணக்காக நின்றால் வராமல் என்ன செய்யும்? வருஷக் கடைசியில் கோவாவுக்கே போய்விடப் போகிறேன் என்றார். அடுத்த தலைவர் யார் என்று கடைத் துரை அவரைத்தான் கேட்டார். பிண்டோ என்னைக் கூப்பிட்டுப் பட்டென்று சொல்லிவிட்டார்: "நீ நன்றாகச் செய்கிறாய். ஆனால் தான் செய்ததைத் தான் தின்னாதவன் கையில் என் ஐஸ் ரூமைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, மேன். நீ பிஸ்கட் கவுண்டருக்கே போய்விடு. அங்கே சம்பளம் குறையாது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பளத்துக்காக இல்லை. அந்தக் குளிர், அந்தச் சத்தம், டின்னைத் திறக்கும்போது வருகிற ஆவி, எல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது. மறுபடியும் பிஸ்கட் டப்பாவின் முன்னால் போய் நிற்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே ராமசேஷன் மாமா என் வீட்டுக்கு வந்தார். சித்தப்பாவின் சணல் கம்பெனியில் பெரிய ஆபீசர். பவானிபூரில் அவர் வீட்டைத் தெரியாத தமிழர் கிடையாது. ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா மாயவரம் பக்கத்து ரிடயர்டு தாசில்தார். நிச்சயதார்த்தத்தின்போது தாசில்தார், "கல்கத்தாவிலே கல்யாணம்னா எங்க ஊர்க்காரா வாயைப் பிளக்கறாப்பலே ஏதாவது இருக்கணும் ஓய்" என்று சொல்லியிருக்கிறார். ராமசேஷன் மாமா வாய் தவறி, "ஐஸ்க்ரீம் போட்டுட்டாப் போச்சு!" என்று சொல்லிவிட்டார்.

"சொல்லிட்டேண்டா வைத்தி. ராத்திரியெல்லாம் தூக்கமில்லே. அதிலே முட்டைன்னு உங்க மாமி இப்பத்தான் சொல்றா. என் மானத்தைக் காப்பாத்து. முட்டையில்லாம உன்னாலே பண்ண முடியுமா?"

"முடியும் மாமா" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

பிண்டோவிடம் போனேன். "முட்டை இல்லாமல் ஐஸ்க்ரீமா? அதற்குப் பெயர் கட்டிப் பால்" என்றார். கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "சரி, செய். முதலில் நீ அதைத் தின்ன வேண்டும். பிறகு உன் ஜனங்கள் தின்ன வேண்டும். கல்யாணத்தில் அது செல்லுபடியாகிவிட்டால் ஐஸ் ரூம் உனக்கு. இல்லையென்றால் பிஸ்கட். அப்புறம் என்னிடம் அழக்கூடாது, மேன்."

ஆரோரூட் மாவு போட்டுப் பார்த்தேன். கூழ் உறைந்த மாதிரி வந்தது. பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி மட்டும் சுற்றினேன். வாசனை பிரமாதம், ஆனால் பல்லில் நறநறவென்று ஐஸ். பிண்டோ ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, "உட்கார். சாப்பிடு, மேன்" என்றார். இத்தனை வருஷப் பாக்கியை ஒரே வாரத்தில் வசூல் செய்துவிட்டார் மனுஷர். கடைசியில் என் மனைவிதான் சொன்னாள்: "பாதாம் கீர் கெட்டியா வரதுக்கு என்ன பண்றோம்? பாதாமை ஊறவெச்சுத் தோலுரிச்சு விழுதா அரைச்சு விடறோம். உங்க ஐஸுக்கு மட்டும் அது ஆகாதா?" அடடா! சுண்டின பாலில் வெண்ணெய் மாதிரி அரைத்த பாதாம் விழுது, கொஞ்சம் க்ரீம், வனிலாக் காய். சுற்றினபோது 'தம் தம்' என்று கேட்டது. நான் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். இத்தனை வருஷமாக நான் செய்தது இதைத்தானா! பட்டு மாதிரி நாக்கில் படுத்தது. பிண்டோவும் தின்றார், இரண்டாம் ஸ்பூனும் எடுத்தார். "முட்டையை யாரும் தேட மாட்டார்கள்" என்றார். "ஆனால் நான் சொல்லி என்ன? உன் ஜனங்கள் சொல்லட்டும்."

கல்யாணம் வைகாசியில். கல்கத்தா வைகாசி என்றால் கேட்க வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் வேஷ்டி ஒட்டிக்கொள்ளும். புது டின்கள் வாங்கி, மாமி கண்முன்னால் புளி போட்டுத் தேய்த்தோம். பால்காரன் பசுவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் கறந்தான். நான் ஸ்நானம் பண்ணி, மடி வேஷ்டியோடு கிணற்றடியில் வாளிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சமையல் கோஷ்டியில் இரண்டு பேர் கைப்பிடி சுற்றினார்கள். பிண்டோவும் வந்தார். ராமசேஷன் மாமா நெளிந்துகொண்டே, "அவர் கொல்லைப்புறம் வரைக்கும் வரட்டும்டா. உள்ளே மட்டும்… சம்பந்தி ஒரு மாதிரி, தெரியுமோல்லியோ" என்றார். பிண்டோவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் விழித்தேன். "ஐஸ் இருக்கிற இடம் எனக்குப் போதும், மேன்" என்று அவரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு வாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். காதை வைத்துக் கேட்டார். விரலை உயர்த்தினார். மூடியைத் தானே துடைத்தார்.

முதல் பந்தி சம்பந்தி வீட்டு ஆண்களுக்கு. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு மூலையில் வைக்கப் போனேன். சமையல்காரர் கோபாலையர் வழியை மறித்தார்.

"எங்கே போறீர்? முதல்லே அதைத்தான் போடணும். வலது கோடியிலே இனிப்பு விழாம வேறே எதுவும் இலையிலே விழப்படாது."

"மாமா, இது உருகிடும். மோர் சாதம் ஆனப்புறம் போடறேனே?"

"மோர் ஆனப்புறம் இனிப்பா? நன்னாயிருக்கு! இது கல்யாணமா, இல்லே வேறே ஏதாவதா? சம்பந்தி காதிலே விழுந்தா இலையை விட்டே எழுந்துடுவார். போடும் ஓய்!"

ராமசேஷன் மாமாவைப் பார்த்தேன். அவர் கையைப் பிசைந்தார். "அவர் சொல்றபடி பண்ணிடு வைத்தி" என்றார். போட்டேன். ஒவ்வோர் இலையின் வலது கோடியிலும் உருண்டை உருண்டையாக, ஆவி பறக்க. எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள்; தாசில்தார் மட்டும் பக்கத்து இலைக்காரரோடு பேச்சு சுவாரஸ்யத்தில் இருந்தார். ஒருத்தர்கூடத் தொடவில்லை.

எப்படித் தொடுவார்கள்? இலையில் எல்லாம் விழ வேண்டும். பச்சடி வந்தது. கோசுமல்லி வந்தது. கறி, கூட்டு, அவியல், ஊறுகாய், அப்பளம், வடை, அப்புறம் சாதம், பருப்பு, நெய். அதற்கப்புறம் கையில் ஜலம் விட்டு, இலையைச் சுற்றி மந்திரம் சொல்லிப் பரிசேஷணம் ஆனால்தான் முதல் கவளம். அதுவும் ஆகவில்லை. மாப்பிள்ளையின் அத்திம்பேர், அதாவது அக்கா புருஷர், உட்கார வேண்டிய இடம் காலி! அவர் மாடியில் அங்கவஸ்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வராமல் பந்தி ஆரம்பிக்கப்படாது. காத்திருந்தோம். விசிறிக்காரர்கள் வீசினார்கள். வெயில் பந்தலுக்குள் வந்து நின்றது. என் கண்ணெதிரே உருண்டைகள் ஓரம் பளபளத்தன, குழைந்தன, சரிந்தன. ஐஸ்க்ரீம் கோசுமல்லிக்குள் புகுந்தது, அப்பளத்துக்கு அடியில் ஓடியது, வாழை நரம்போடு வழிந்து இலையின் விளிம்பு வழியே தரையில் இறங்கி, தாசில்தாரின் மயில்கண் வேஷ்டியை நனைத்தது.

அத்திம்பேர் வந்தார். பரிசேஷணம் ஆயிற்று. தாசில்தார் இலையின் கோடியில் தேங்கினதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பந்தலே அவர் முகத்தைப் பார்த்தது.

"ராமசேஷன்!"

"சொல்லுங்கோ."

"பாயசம் ஜில்லுன்னு கிடக்கே? நேத்து வெச்சதா?"

போச்சுடா! ராமசேஷன் மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வந்திறங்கின சம்பந்திக்குப் பழைய பாயசம்! அவர் கையைக் கூப்பிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாசில்தார், "சேமியாவும் காணோம், முந்திரியும் காணோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே சாம்பாருக்குப் போய்விட்டார். நான் காலி வாளியோடு கிணற்றடிக்கு ஓடினேன்.

பிண்டோ என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "உருகிவிட்டதா?"

"உருகிவிட்டது சார். சாப்பிடுவதற்கு முன்னால் மந்திரம் சொல்லிக் காத்திருக்க வேண்டும்."

"நாங்களும்தான் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்கிறோம். எங்கள் ஜெபம் சின்னது, மேன்" என்றார். பிறகு உருகாத இரண்டு டின்களையும் பார்த்தார். "இதை என்ன செய்யப்போகிறாய்?"

என்ன செய்வது? இலையில் போட்டால் இதே கதிதான். கிண்ணத்தில் கொடுக்கலாமா? ஸ்பூனை நக்கினால் எச்சில், கிண்ணமும் எச்சில். டம்ளரில் கூட உதடு படாமல் தூக்கிக் குடிக்கிற மனுஷர்கள் இவர்கள். பிஸ்கட் டப்பாக்கள் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன. ராமசேஷன் மாமா இனிமேல் என் முகத்தில் விழிப்பாரா?

அதற்குள் பந்தி முடிந்துவிட்டது. கை அலம்ப எல்லோரும் கிணற்றடிக்கு வர ஆரம்பித்தார்கள். கேட்க வேண்டுமா, முதலில் வந்தவர் அந்த அத்திம்பேர்தான். ஒருவர் சொம்பால் தண்ணீர் வார்க்க, அவர் கையை அலம்பி, வாயைக் கொப்புளித்து, இன்னொரு தரம் குடிப்பதற்காக வலது கையைக் குழித்து நீட்டினார். அதைப் பார்த்தேன். கோவிலில் தீர்த்தம் வாங்குகிற கை! தீர்த்தத்தை யாராவது கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களா? உள்ளங்கையில் விழுந்த மறு நிமிஷம் வாயில் விட்டுக்கொண்டாக வேண்டும். இதற்கு மந்திரமும் வேண்டாம், பந்தியும் வேண்டாம், அத்திம்பேருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

தண்ணீர் விழுவதற்கு முன்னால் அந்தக் கையில் ஒரு உருண்டையைப் போட்டேன்.

"ஐயையோ! சுடறதேடா!" என்று அத்திம்பேர் துள்ளினார். அப்புறம், கையில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் கீழே போடவும் மனசில்லாமல், அண்ணாந்து அப்படியே வாய்க்குள் எறிந்துகொண்டார். உதடு படவில்லை. கண் இரண்டும் மூடிக்கொண்டன. ஒரு நிமிஷம் ஆளே அசையவில்லை. கண்ணைத் திறந்து, "டேய், இங்கே வாங்கோடா எல்லாரும்!" என்று கூவினார்.

அவ்வளவுதான்! கிணற்றடியில் இடமில்லை. குடுமியும் ஜரிகையுமாக ஒரு கூட்டம் வலது கையைக் குழித்து, இடது கையை அதன் அடியில் கொடுத்து நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருவர் 'ஹா ஹா' என்று வாயால் ஊதுகிறார். ஒருவர் கையை உதறுகிறார். இன்னொருவர் பல்லைப் பிடித்துக்கொண்டு, "பல்லுக்குள்ளே மணி அடிக்கறதுடா!" என்கிறார். ஊரிலிருந்து முறுக்கிக்கொண்டு வந்த மனுஷர்கள் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் போட்டுக்கொண்டே இருந்தேன். பிண்டோ அடுத்த டின்னின் மூடியைத் துடைத்துத் திறந்து, கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார்.

தாசில்தார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். "அது என்னது?" என்று அதட்டினார்.

"நீங்க சாப்பிட்டேளே, அதே பழைய பாயசம்தான் மாமா" என்றேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! ராமசேஷன் மாமா பின்னாலிருந்து என் வேஷ்டியைப் பிடித்து இழுத்தார்.

தாசில்தார் முறைத்தார். ஆனால் கண் டின்னில்தான் இருந்தது. ஓரடி வந்தார். என் முன்னால் ஏகப்பட்ட கை. அவருடைய முறை வர நேரமாகும். டின்னின் விளிம்பில் பளபளப்பு வர ஆரம்பித்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். விறுவிறுவென்று என்னைத் தாண்டிப் போய், முக்காலியில் உட்கார்ந்திருந்த பிண்டோவின் முன்னால் நின்று உள்ளங்கையை நீட்டினார்.

சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. கோபாலையர் சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். பிண்டோ கரண்டியோடு என்னைப் பார்த்தார். போடலாமா என்று கண்ணால் கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

"என்ன ஓய் பார்க்கிறீர்? உருகறது, போடும்!" என்று தாசில்தார் தமிழில் ஓர் அதட்டுப் போட்டார்.

பிண்டோவுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் உருகுகிறது என்பதைப் புரிந்துகொள்ள அவருக்கு எந்தப் பாஷையும் வேண்டியிருக்கவில்லை. பெரிதாக ஓர் உருண்டை எடுத்துப் போட்டார். தாசில்தார் அண்ணாந்து வாயில் எறிந்துகொண்டார். தோள்கள் ஒரு தரம் குலுங்கின. கன்னம் இரண்டும் உள்ளே போய் வெளியே வந்தன. யாரோ கோபாலையர் பக்கமாகத் திரும்பி இருமினார்கள். தாசில்தார் வாயில் இருந்ததை விழுங்குவதற்கு முன்னாலேயே, "என்ன ஓய்! இது அடுப்பு கண்ட பண்டமா, பிறத்தியார் கை பட்டா தீட்டு ஒட்ட? வெறும் பால். பாலுக்கு ஏது தோஷம்?" என்று சாஸ்திரம் சொல்லிவிட்டு, மறுபடியும் கையை பிண்டோவிடம் நீட்டினார். அந்தப் பாலை நான் அரை நாள் அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் என் வரிசை பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப்பாதி பிண்டோவின் முன்னால். முழங்கால் வலிக்காரர் முக்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு, ஆளுக்கு ஒன்றாக, சில பேருக்கு இரண்டாக, வரிசையாகப் போட்டார். ராமசேஷன் மாமா தூணில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவர் கையிலும் ஒன்று போட்டேன். அவர் அதைத் தின்ன மறந்து சம்பந்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிண்டோ திரும்பாமலே, கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்:

"வைத்தி, நாளைக்குக் காலையில் ஐஸ் ரூமை நீ போய்த் திற. ஐஸ் வண்டி வந்தால் இறக்கிக்கொள். கவுண்டர்ப் பலகையில் உன் 'மதராஸி வனிலா'வையும் எழுதச் சொல். நான் கொஞ்சம் லேட்டாக வருவேன், மேன்."

அந்த மனுஷர் லேட்டாக வந்ததாகச் சரித்திரமே கிடையாது. "சரி சார்" என்றேன். முன்னால் ஒரு கை நீண்டது. போட்டேன். அடுத்த கை நீண்டது.